தங்கை கொடுத்த அமானிதம்: சிறுநீரக மாற்றும் பேணும் கல்வியின் வரலாறும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஷவ்வால் மாதத்தில், மயிலாப்பூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவுக்கு ஒரு சகோதரர் வந்தார். தியாகராய நகரில் சிறு கடை வைத்திருப்பவர். அவருடைய பிள்ளைகள் இருவரும் நம்மிடம் ஓதியவர்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய தங்கை தம் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார். உடல் தேறி, கடைக்கும் பள்ளிவாசலுக்கும் வழக்கம்போல் வந்துபோய்க்கொண்டிருந்தவர் அந்த ரமலானில் முப்பது நோன்பையும் நோற்றார். காலை எட்டு மணி மாத்திரையை விட்டுவிட்டார். இரவு மாத்திரையைத் தராவீஹ் முடிந்து நினைவு வந்த நேரத்தில் விழுங்கினார். உடல் நன்றாகத்தானே இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். பெருநாள் கழிந்து கால்கள் வீங்கியபோது மருத்துவமனைக்குப் போனார். தங்கை கொடுத்த சிறுநீரகம் அதற்குள் செயலிழந்துவிட்டது. இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

"ஹஜ்ரத், தெரிந்து செய்யவில்லை" என்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது கொடுக்கப்பட்ட அறிவுரைத் தாள் அது. முழுவதும் ஆங்கிலம். அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும்.

அந்தத் தாளைவிட நம்மை அதிகம் உறுத்தியது வேறொன்று. அந்த ஆண்டு ஷஅபானில் நோன்பின் சிறப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பயான் செய்தவர் நாமே. அவர் முதல் வரிசையில் அமர்ந்து கேட்டார். நோயாளிக்கு மார்க்கம் வழங்கியிருக்கும் சலுகையை நாம் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டோம். கற்பிக்க வேண்டிய இடத்தில் கற்பிக்காமல் விட்டதில் நமக்கும் பங்குண்டு. மாற்றுச் சிறுநீரகத்தைப் பேணும் கல்வி எங்கிருந்து தொடங்கி எப்படி நம் ஊர் வரை வந்தது என்று தேடத் தூண்டியது அந்த உறுத்தலே. தேடிக் கண்டவற்றை இங்கே தருகிறோம்.

மருத்துவர் அருகில் இல்லாதவருக்காக

நோயாளிக்குத் தன்னைப் பேணக் கற்றுக்கொடுப்பது இக்காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். நம் முன்னோர் இதைத் தனியொரு கலையாகவே வளர்த்திருந்தனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ, சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் உண்டாகும் கற்களைப் பற்றித் தனி நூல் எழுதியவர். அவரே பொதுமக்களுக்காக 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்றொரு நூலையும் எழுதினார். 'மருத்துவர் அருகில் இல்லாதவருக்கு' என்பது அப்பெயரின் பொருள். பெயரிலேயே நோக்கம் விளங்குகிறது.

அவருக்குப் பின் கைரவானில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார் ஏழைகளுக்கென ஒரு மருத்துவ நூலை எழுதினார். எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அவர்கள் தம்மைக் கவனித்துக்கொள்ள உதவுவதே அதன் நோக்கம். பதினொன்றாம் நூற்றாண்டில் பக்தாதின் கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்ற நூலில் உணவு, உறக்கம், உழைப்பு ஆகியவற்றின் நன்மை தீமைகளை அட்டவணைகளாக அமைத்தார். நீண்ட விளக்கத்தைப் படிக்க நேரமில்லாதவரும் கட்டத்தைப் பார்த்தே வேண்டியதை அறிந்துகொள்ளலாம். இன்று சிறுநீரக மாற்று நோயாளியின் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டிய மாத்திரை அட்டவணைக்கு அதை ஒரு மூதாதை எனலாம்.

1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் வக்ஃபாக நிறுவிய மருத்துவமனையில், குணமாகி வெளியேறும் ஏழைக்குச் செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினர் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். உடல் முழுமையாகத் தேறும் முன்பே அவர் கூலி வேலைக்கு ஓடிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. மருத்துவமனையின் வாசலைத் தாண்டிய பிறகும் நோயாளிக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்பதை அவர்கள் மறக்கவில்லை.

அறுவை வென்றது, உடல் ஏற்கவில்லை

இனி நம் காலத்துக்கு வருவோம். 1952 டிசம்பரில் பாரிஸ் நகரில், ஒரே சிறுநீரகத்துடன் பிறந்து அதையும் விபத்தில் இழந்த பதினாறு வயது இளைஞனுக்கு அவனுடைய தாய் தம் சிறுநீரகத்தைக் கொடுத்தார். அறுவை நன்றாக முடிந்தது. சிறுநீரகமும் வேலை செய்தது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து அவனுடைய உடல் அதை நிராகரித்தது. இளைஞன் இறந்தான். பெற்ற தாயின் உறுப்பையும் உடல் அந்நியமென்றே கண்டது.

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்ற மருத்துவர் ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய உடன்பிறந்த இரட்டையருக்குப் பொருத்தினார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் உடல் அதை ஏற்றது. பெற்றவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மர்ரேக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், எல்லாருக்கும் இரட்டைப் பிறவி இருப்பதில்லை. மற்றவர்களுக்கு வழி திறந்தவை மருந்துகளே. 1960-களின் தொடக்கத்தில் அசதியோபிரின் வந்தது. அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். நார்வே நாட்டின் மேட்டுநிலத்து மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. 1978-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1984-இல் ஜப்பானின் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. இன்று நம் ஊரிலும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் பலர் காலையும் மாலையும் சாப்பிடுவது அதையே. காலடி மண்ணுக்குள் அல்லாஹ் வைத்திருந்த நிவாரணம் என்று எண்ணும்போது உள்ளம் பணிகிறது.

இந்த மருந்துகள் உடலின் எதிர்ப்பைத் தணித்துவைக்கின்றனவே தவிர, அதை நிரந்தரமாக நீக்குவதில்லை. மருந்து குறைந்தால் எதிர்ப்பு விழித்துக்கொள்ளும். மிகுந்தால் தொற்றுநோய் நுழையும். அதே மருந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இந்த அளவைக் காப்பதோ வாழ்நாள் வேலை. அதைச் செய்ய வேண்டியவர் மருத்துவர் அல்லர், வீட்டிலிருக்கும் நோயாளியே.

நோயாளி மாணவரானார்

இதை மேலைநாட்டு மருத்துவர்கள் முதலில் நீரிழிவில் உணர்ந்தனர். பாஸ்டனின் எலியட் ஜோஸ்லின் 1918-இல் மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்துவதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். சிறுநீரக நோயில் இந்த மாற்றம் 1960-களில் வந்தது. சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் 1960-இல் கையில் நிலையாகப் பொருத்தும் குழாய் ஒன்றை உருவாக்கியதால், ஒரே நோயாளிக்கு மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்ய முடிந்தது. மருத்துவமனையில் இடம் போதவில்லை. 1964-இல் சியாட்டிலிலும் லண்டனிலும் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் பயிற்சியளித்து, வீட்டிலேயே இயந்திரத்தை இயக்கச் செய்தனர். மருத்துவம் படிக்காத தாய்மார்களும் வாழ்க்கைத் துணைகளும் இரத்தக் குழாயோடு இணைந்த இயந்திரத்தைக் கையாளக் கற்றனர். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் குடும்பம் கற்றுக்கொள்ளும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

வேலூரிலிருந்து சென்னை வரை

இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் சென்னை இத்துறையில் பெயர் பெற்றது. அந்தப் பெயரில் ஒரு கறையும் ஒட்டிக்கொண்டது. வறியவர்களின் சிறுநீரகங்கள் விலைபேசப்பட்டன. வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று அழைக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டு உறுப்பு விற்பனை குற்றமானது.

2002-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எழுதப்பட்டது அது. அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றனர். விற்ற பின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். வாங்கியவர்களும் நலமாக இருந்துவிடவில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து பம்பாய் வந்து சிறுநீரகம் வாங்கித் திரும்பிய 130 பேரைப் பற்றி 1990-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, அவர்களிடையே மரணமும் எச்.ஐ.வி. உள்ளிட்ட தொற்றுகளும் மிகுந்திருந்ததைக் காட்டியது. உறுப்பைக் காசுக்கு வாங்கலாம். அதைப் பேணும் முறையை அப்படி வாங்கிவிட முடியாது.

இதே சென்னையில் வேறொரு மரபும் வேரூன்றியிருந்தது. 1958-இல் மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கி, அடையாறில் வளர்ந்த தன்னார்வ நலப்பணி நிறுவனம், குடும்பத்தின் வருமானத்துக்கேற்ற சிறு சந்தாவில் மருத்துவம் என்ற முறையைக் கொண்டுவந்தது. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி தம் அறக்கட்டளை மூலம் 1990-களின் இறுதியில் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில், பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தம் அளந்தனர். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உள்ளனவா என்று பார்த்தனர். விலைகுறைந்த மருந்துகளைக் கொண்டே பலருடைய இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன. சிறுநீரகம் கெடும் முன்பே காப்பதற்கான வழி அது. 1993-இல் தொடங்கப்பட்ட டேங்கர் அறக்கட்டளை வசதியற்றவர்களுக்கு டயாலிசிஸுக்கு உதவி, விழிப்புணர்வுப் பணியும் செய்துவருகிறது. 1997-இல் மருத்துவர் சுனில் ஷ்ராஃப் தொடங்கிய மோகன் அறக்கட்டளை, உறுப்பு தானம் குறித்து மக்களிடம் பேசியதோடு, குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே நிற்கும் ஒருங்கிணைப்பாளர்களையும் பயிற்றுவித்தது.

2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயது மாணவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானமளித்தனர். அச்செயல் தமிழ்நாடு முழுவதையும் உலுக்கியது. அதே ஆண்டில் வடிவம் பெற்ற அரசின் உறுப்பு தானத் திட்டம் இன்று உறுப்பு மாற்று ஆணையமாக வளர்ந்து நிற்கிறது. உறுப்பு தானம் செய்தோரின் உடலுக்கு அரசு மரியாதை வழங்கப்படும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. சிறுநீரகம் கிடைக்கும் வழி ஓரளவு திறந்துவிட்டது. கிடைத்ததைக் காக்கும் கல்விதான் இன்னும் பல குடும்பங்களின் வாசலுக்கு வந்து சேரவில்லை.

அமானிதத்தின் சட்டம்

உறுப்பு மாற்று குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் உண்டு. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு ஃபிக்ஹு அகாடமி 1988-இல் நிபந்தனைகளுடன் அதை அனுமதித்தது. கொடுப்பவரின் வாழ்வுக்குத் தீங்கு நேரக் கூடாது. உறுப்பை விற்கக் கூடாது என்பன அவற்றுள் அடங்கும். அடுத்த ஆண்டு இந்திய ஃபிக்ஹு அகாடமியும் இப்பொருளைத் தன் அமர்வில் ஆராய்ந்தது. விரிவை அறிய விரும்புவோர் தத்தம் ஆலிம்களை அணுகட்டும்.

நாம் இங்கே நினைவூட்ட விரும்புவது வேறொரு பாடம். ஃபிக்ஹு நூல்களில் 'வதீஆ' என்றொரு பாடம் உண்டு. ஒருவர் பாதுகாக்கக் கொடுத்த பொருளைப் பற்றியது. அப்பொருள் வைத்திருப்பவரின் தவறின்றி அழிந்தால் அவர் மீது பொறுப்பில்லை. அவருடைய அசட்டையால் அழிந்தால் பொறுப்புண்டு. அத்தகைய பொருளை வழக்கமாக எங்கே பாதுகாப்பார்களோ அத்தகைய இடத்தில் வைப்பதும் கடமை. அதனை 'ஹிர்ஸு' என்பர்.

மாற்றுச் சிறுநீரகத்தை இந்தப் பாடத்தோடு சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் உடல் அதை நிராகரிக்கலாம். அப்போது நோயாளியைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. அது கத்ர். ஆனால், நேரம் தவறாத மாத்திரையும் சுத்தமான நீரும் தவறாத பரிசோதனையுமே அந்தச் சிறுநீரகத்துக்குரிய ஹிர்ஸு. எங்கே பாதுகாப்பது என்று சொல்லித்தராமல் ஒருவர் கையில் பொருளைக் கொடுத்துவிட்டுப் பிறகு அவரைக் குற்றம் சாட்டுவது நீதியாகுமா? நம் சகோதரரின் நிலை இதுவே. அவருடைய அசட்டை என்று சொல்லும் முன், அறியாமையில் அவரை விட்டுவைத்த நாம் அனைவரும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் கற்க வேண்டியவை

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு செவிலியர் சகோதரியின் உதவியோடு, அடுத்த ஷஅபானில் இஷாவுக்குப் பின் ஒரு வகுப்பு வைத்தோம். எட்டுக் குடும்பங்கள் வந்தன. அவர் கற்பித்தவற்றின் சாரம் இது:

எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். இருவேளை மாத்திரை எனில் இடைவெளி பன்னிரண்டு மணி நேரம். உடல் நன்றாக இருப்பது மருந்தின் பலன். அதை நிறுத்துவதற்கான காரணம் அன்று. இரத்தத்தில் மருந்தின் அளவைப் பரிசோதிக்கும் நாளில், இரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையைச் சாப்பிட வேண்டும்.

எடை, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றை ஒரு நோட்டில் நாள்தோறும் எழுத வேண்டும். காய்ச்சல், சிறுநீர் குறைதல், கால் வீக்கம், திடீர் எடை கூடுதல், சிறுநீரகம் பொருத்திய அடிவயிற்றில் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் அளவைக் குறைத்துவிடும். பம்ளிமாஸ் பழம் அதை அளவுக்கு மீறிக் கூட்டும். ஆகவே எந்தப் புது மருந்தானாலும், நாட்டு மருந்தோ கருஞ்சீரக எண்ணெயோ ஆனாலும், சிறுநீரக மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். கருவுற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மைக்கோஃபினோலேட் என்ற மாத்திரை கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதால் அதை முன்னரே மாற்றுவார்கள்.

சிறுநீரகம் கொடுத்தவரையும் மறந்துவிடக் கூடாது. ஆண்டுக்கொருமுறை அவருடைய இரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பட வேண்டும். கொடுத்த தங்கையைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை என்பதை அந்த வகுப்பில் ஒரு பெண்மணி சொன்னபோது அனைவரும் மௌனமானோம்.

ரமலானும் ஹஜ்ஜும்

சென்னையில் ஸஹர் முடிவிலிருந்து மக்ரிப் வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இருவேளை மாத்திரையின் பன்னிரண்டு மணி நேர இடைவெளி அதில் பொருந்தாது. தண்ணீரின்றி இருப்பதும் புதிய சிறுநீரகத்துக்குச் சுமை. உடல்நிலை சீராக உள்ள சிலர் மருத்துவரின் கண்காணிப்பில் நோன்பு நோற்றுத் தீங்கின்றி இருந்ததை ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களுக்கு மருத்துவர் ஒருவேளை மாத்திரையாக மாற்றித் தரவும் கூடும். அது எல்லாருக்கும் பொருந்தாது. தானாக முடிவு செய்யாமல் ரஜப் மாதத்திலேயே மருத்துவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நோயாளிக்குச் சலுகை உண்டென்பது அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ்வே தெளிவுபடுத்திய சட்டம். குணமாகும் நம்பிக்கை உள்ளவருக்குக் களா. நிரந்தர நோயாளிக்கு ஃபித்யா. நின்று தொழ முடியாதவர் அமர்ந்து தொழுவதை நாம் குறையாகக் கருதுவதில்லை. நோன்பை விடும் நோயாளியையும் அதே கண்கொண்டு பார்ப்போம். பகலில் அவர் மாத்திரையோடு தண்ணீர் குடிப்பதைக் கண்டு முகம் சுளிக்காமல் இருப்பதும் ஒரு ஸதகாதான்.

ஹஜ், உம்ரா செல்வோர் மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பயண நாள்களுக்கு மேல் கூடுதலாகவும் எடுத்துச் செல்ல வேண்டும். கூட்டத்தில் முகக்கவசம் தேவை. எந்தத் தடுப்பூசி போடலாம் என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் இவர்களுக்கு ஆகா.

நம் சகோதரர் இப்போதும் நம் வகுப்புக்கு வருகிறார். முதல் வரிசையில் அமராமல், புதிதாகச் சிறுநீரகம் பெற்றவர்களின் பக்கத்தில் அமர்கிறார். அந்த ஆங்கிலத் தாளை மதரஸாவின் மூத்த மாணவியர் செவிலியரின் துணையோடு தமிழாக்கி, பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அவர்தான் ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுக்கிறார். "மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தயங்குபவரை எழுந்து போக விடுவதில்லை.

பசித்தவருக்கு உணவளிப்பதைக் கடமையாக உணரும் ஜமாஅத்துகள், நோயாளிக்குக் கல்வியளிப்பதையும் ஃபர்ளு கிஃபாயாவாக எடுத்துக்கொண்டால் எத்தனையோ தங்கைகளின் கொடை வீணாகாமல் நிற்கும். உங்கள் மஹல்லாவில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் எவரேனும் உள்ளாரா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவையும், கொடுத்தவர்களுக்கு நற்கூலியையும், நமக்கு அமானிதம் பேணும் அறிவையும் அருள்வானாக. ஆமீன்.